ஐந்து குளியலறைக்கு ஓர் ஆறு

எங்கள் புது வீட்டில் ஐந்து குளியலறைகள் இருக்க வேண்டும் என்று அண்ணா சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கனடாவில் இருக்கிறார். சனிக்கிழமை காலைகளில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் வழக்கம்.

"ஐஞ்சு அறை எண்டால் ஐஞ்சு பாத்ரூம் தானே. இதில சிரிக்க என்ன கிடக்கு?" என்றார்.

"ஆர் குளிக்கப் போகினம்?"

"நாங்கள் வருவம் தானே."

நாங்கள் என்றால் அண்ணா, அண்ணி, இரண்டு பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆடி மாதத்தில் மூன்று கிழமைக்கு வருவார்கள். அதில் ஒரு கிழமை திருகோணமலைக் கடற்கரைக்குப் போய்விடும், இன்னொரு கிழமை கோயில்களுக்கு. மிச்சமுள்ள ஏழு நாட்களுக்குத்தான் அந்த மாடி வீடு.

நான் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கலியாணம் செய்யவில்லை. மீளக் குடியேறியபோது கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டில் தனியாக இருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சின்ன விறாந்தை, பின்னால் குசினி. அதே காணியின் நடுவில் அப்பா கட்டிய பழைய வீடு ஷெல் விழுந்து கூரை போன கோலத்தில் நின்றது. அதற்குப் பின்னால் பற்றை. பற்றைக்கு அப்பால் ஆறு.

அண்ணா அனுப்பிய வரைபடத்தை நான் பாடசாலைக்குக் கொண்டுபோய் மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் காட்டினேன். "என்ன ரீச்சர், மாடியோ?" என்று ஒருவர் கேட்டபோது, "அண்ணாவின்ர விருப்பம்" என்று சலித்துக்கொள்வதுபோல் சொன்னேன். உள்ளே இனித்தது. இருபது வருடம் தறப்பாளுக்குக் கீழும் தகரத்துக்குக் கீழும் இருந்தவளுக்கு மாடி என்ற சொல் இனிக்காமல் என்ன செய்யும் என்று பிறகு பல தடவை என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். சமாதானம் வரவில்லை.

எங்கள் வீதியில் அப்படிப்பட்ட வீடுகள் ஏற்கனவே ஆறு இருந்தன. எல்லாவற்றுக்கும் சிங்கமோ அன்னமோ வைத்த பெரிய கேற், உள்ளே பூட்டு. மாலையில் யாராவது உறவுக்காரர் வந்து லைற் போட்டுவிட்டுப் போவார். ஒரு வீட்டில் வெளிநாட்டுப் புல் வளர்த்து, அதற்குச் சித்திரை வெயிலிலும் மோட்டர் வைத்துத் தண்ணீர் அடித்தார்கள். அந்த வீட்டுக்கு எதிரே குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காகச் சனம் வாளியோடு வரிசையில் நிற்கும். நான் தினமும் சைக்கிளில் இரண்டுக்கும் நடுவால் போனவள். ஒரு நாள்கூட நிற்கவில்லை.

தை மாதம் அத்திவாரம் வைத்தோம். வந்தவர்களுக்கு நீல மூடி போட்ட சின்னப் போத்தல்களில் தண்ணீர் கொடுத்தோம். பெட்டிச் சோறும் கொடுத்தோம். எங்கள் கிணற்றில் அப்போது நல்ல தண்ணீர் இருந்தது. ஆனாலும் விசேஷம் என்றால் போத்தல்தான் கௌரவம். எல்லாரும் இரண்டு மிடறு குடித்துவிட்டு மூடியைக்கூடச் சரியாகப் பூட்டாமல் வைத்துவிட்டுப் போனார்கள். கூட்டி அள்ளிய குப்பையை வேலையாட்கள் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பற்றைப் பக்கமாகத்தான் போனார்கள்.

அடுத்த கிழமை வீடு கட்டும் கொந்தராத்துக்காரர் ஒரு கடிதத்தோடு வந்தார். "ரீச்சர், மண் எடுக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம். வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேணும்."

நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாங்கிப் படித்தேன். ஓர் இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. கையிலிருந்த சிவப்புப் பேனையாலேயே அதைத் திருத்தி, கீழே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிப் போனார். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

மாசியிலிருந்து டிப்பர் லொறிகள் வரத் தொடங்கின. முற்றத்தில் மண் குவிந்தது. நல்ல மண். கையில் அள்ளினால் சீனிபோல வழிந்து ஓடும். இடையிடையே நகமளவு மட்டிச் சிப்பிகள் கிடந்தன. டிப்பர் ஓட்டியவர் வெற்றிலை போடும் பெரிய உடம்புக்காரர், என் வயது இருக்கும். வைகாசியில் ஒரு நாள் தேத்தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன்.

"எங்கேயிருந்து அண்ணை இந்த மண் வருது?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்தார். "எங்கேயிருந்தோ? உங்கட வீட்டுக்குப் பின்னால தான் ரீச்சர். பற்றைக்குள்ளால வாகனம் வர ஏலாது. அதுதான் பாலத்தடியால சுத்தி வாறம்."

நாலு மைல் சுற்றி, என் வீட்டின் பின்புறத்தை என் வீட்டின் முன்புறத்தில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அது வரைக்கும் மண் என்றால் எங்கோ இருக்கிற ஒன்று, கேட்டால் வருகிற ஒன்று என்றுதான் என் மனதில் இருந்திருக்கிறது. கணிதம் படித்தவள். கூட்டலுக்கு எங்கோ ஒரு கழித்தல் இருக்கும் என்று தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றையை விலக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பல மாதங்களுக்குப் பிறகு.

எங்கள் ஆறு வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு அல்ல. மார்கழியில் பெருகும், தை முடிய நின்றுவிடும். பிறகு வீதி போல அகன்ற வெறும் மணல். ஆனால் அந்த மணல் வெறும் மணல் இல்லை. எந்தக் கோடையிலும் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறி வரும். மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கரையிலுள்ள கிணறுகளுக்கு மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தது அந்த மணல்தான். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நான் போன அன்று மணல் இல்லை. களிமண் தெரியத் தோண்டியிருந்தார்கள். ஆள் நின்றால் தலை தெரியாத குழிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. குழிகளில் தேங்கிய தண்ணீர் பச்சையாக இருந்தது. மேலே டீசல் எண்ணெய் வர்ணம் வர்ணமாகப் படர்ந்திருந்தது. சாராயப் போத்தல்கள், சோறு சுற்றி வந்த பிளாஸ்ரிக் தாள்கள், அதில் ஒட்டிப் புளித்த சோறு, சோற்றில் புழு. ஒரு குழிக்குள் கன்றுக்குட்டி ஒன்று விழுந்து செத்து ஊதிப்போய்க் கிடந்தது. வயிறு வெடித்திருந்தது. கரையில் நின்ற மருத மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. இரண்டு மரங்கள் சரிந்து குழிக்குள் தலையை நீட்டிக் கிடந்தன. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் சரிந்த மரத்தின் கிளையில் சிக்கியிருந்த தண்ணீர்ப் போத்தல்களைக் கண்டேன். அத்திவாரம் வைத்த அன்று நாங்கள் கொடுத்த அதே நீல மூடி. அந்த மரத்தையே பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அக்கரையில் வெங்காயமும் நாங்கள் கச்சான் என்கிற நிலக்கடலையும் பயிர் செய்கிற அக்கா ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் போரின் கடைசியில் இல்லாமல் போனவர். மகள் வவுனியாவில் கலியாணம் செய்து இருந்தார். அக்கா தோட்டத்தை விட்டு வராமல் தனியாக இருந்தார். நான் வாந்தி எடுப்பதைக் கண்டு, குழிகளைச் சுற்றிக்கொண்டு ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார்.

"வாயைக் கொப்பளியுங்கோ ரீச்சர். இஞ்ச வாற புது ஆக்களுக்கு இப்பிடித்தான் செய்யும்" என்றார்.

"எத்தினை நாளா அக்கா இது?"

"மாசியில தொடங்கினது. என்ர பக்கம் கரை ஒரு பாகம் இறங்கிப் போச்சு. வெங்காயப் பாத்தி ரெண்டு காணேல்லை."

எனக்குக் கோபம் பொங்கியது. டிப்பர்காரர்கள் மேல், மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுகிறவர்கள் மேல், இதைக் கண்டும் காணாமல் இருக்கிறவர்கள் மேல். மனிதர்களா இதுகள் என்று இருந்தது. "நான் நாளைக்கே கந்தோருக்குப் போய் முறைப்பாடு செய்யிறன் அக்கா" என்றேன்.

அக்கா வெறும் செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "போங்கோ. படிச்ச ஆக்கள் போனால் கேப்பினம்" என்றார்.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எந்த அரசாங்கக் கந்தோர் என்பது முக்கியமில்லை. அங்கே இருந்தவர் மெலிந்த, களைத்த ஓர் அதிகாரி. நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு கடிதக் கோவையை எடுத்து வந்து, என் முன்னால் விரித்து வைத்தார்.

"ரீச்சர், இது உங்கட கடிதம் தானே?"

சிவப்பு மையில் என் திருத்தம். கீழே என் கையெழுத்து.

"அந்த இடத்தில மண் அள்ளுறதுக்கு இப்ப இருக்கிற பெர்மிட் இதை வைச்சுக் குடுத்தது ஒண்டுதான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நாங்கள் மறிச்சால், ரீச்சரின்ர வீட்டு வேலை எண்டு இதைத்தான் காட்டுவினம். உங்களுக்கு ஒரு லோட் வந்தால் வேற இடத்துக்கு நாலு லோட் போகுது. பேர் உங்கட பேர்."

"நான் இதுக்காகக் கையெழுத்து வைக்கேல்லை" என்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் சொல்கிற மாதிரியே இருந்தது.

"எனக்கு விளங்குது. வேண்டாம் எண்டு நீங்கள் எழுதித் தந்தால் இதை ரத்துச் செய்யலாம். ஆனால் உங்கட வீடும் அரைவாசியில நிக்குது. மண் வேணும் தானே?" கோவையை மூடிக்கொண்டே, "யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார்.

அன்று நான் எழுதிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். யன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழுந்திருந்தது. யோசிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னும் மூன்று கிழமை டிப்பர்கள் வந்தன. ஓட்டுநருக்கு நானே தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குழிகளையும் கன்றுக்குட்டியையும் பார்த்தபோது வந்த குமட்டலைவிட, இந்த மூன்று கிழமையை நினைக்கும்போது வருகிற குமட்டல் பெரிது. அது வாந்தியோடு போகிற வகை இல்லை. தெரியாமல் செய்தது வேறு. இது தெரிந்துகொண்டே, சீனி அளவாகப் போட்டுத் தேத்தண்ணீர் கலக்கியது.

ஆனி மாதம் அக்காவின் கிணறு வற்றியது. முப்பது வருடத்தில் வற்றாத கிணறு என்று பிறகு சொன்னார்கள். அன்று பின்னேரம் அக்கா சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு பாலத்தால் சுற்றி என் முற்றத்துக்கு வந்தார்.

"ரீச்சர், ரெண்டு கான் தண்ணி எடுக்கலாமோ? குடிக்கத்தான்."

புது வீட்டுக்கென்று அண்ணா ஆழமாகக் குழாய்க்கிணறு அடிப்பித்திருந்தார். அது மட்டும்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறையாமல் தந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த நேரம் மோட்டரில் ஹோஸ் மாட்டி, புதிதாகக் கட்டிய சுவர்களுக்கும் தூண்களுக்கும் வேலையாட்கள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சீமெந்து வெடிக்காமல் இறுக வேண்டும் என்றால் நாட்கணக்கில் நனைக்க வேண்டும். சுவர் கறுத்து, தண்ணீர் வழிந்து, முற்றத்தில் சேறாகித் தேங்கியது. சேற்றில் அவருடைய செருப்பு புதைந்தது.

"ஹோஸைக் கழட்டுங்கோ" என்று நான் வேலையாட்களிடம் சொன்னேன்.

"பரவாயில்லை ரீச்சர்" என்றார் அக்கா. "சுவர் குடிச்சு முடியட்டும். நான் நிக்கிறன்."

குத்தலாகச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது, வேலை நடக்கிற இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். கானைக் காலடியில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றார். ஒரு மனுஷி குடிதண்ணீருக்குக் காத்து நிற்க, யாரும் இருக்கப் போகாத சுவர் ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நானே போய் மோட்டரை நிற்பாட்டினேன். ஹோஸை இழுத்துக் கழற்றி எறிந்தேன். கான் இரண்டையும் நிரப்பிக் கட்டிவிட்டேன்.

சைக்கிளில் ஏறும்போது அக்கா கேட்டார்: "வீடு வடிவா வருது ரீச்சர். அண்ணா ஆக்கள் எப்ப வருகினம்?"

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். நான் ஆற்றங்கரையில் வாந்தி எடுத்து முறைப்பாடு செய்கிறேன் என்று சொன்னபோதும் தெரிந்தே இருந்தது.

சுவர் கட்டிய மேசனை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். முஸ்லிம் ஆக்கள் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் வடபகுதி முஸ்லிம்களெல்லாம் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு போய்ப் புத்தளத்தில் இருந்துவிட்டு, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர். அன்று வேலை முடிந்து சாந்துக் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"நானா, மேல் மாடி போடாமல் விட்டால் எவ்வளவு மண் மிஞ்சும்?"

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. "கொங்கிறீட் பிளாட்டும் மேல் சுவரும் பூச்சும் எண்டால் இதுவரைக்கும் வந்ததில முக்கால்வாசி இன்னும் வேணும்."

"அப்ப விட்டால் ஆறு தப்புமோ?"

"ஆறு தப்பும் எண்டு நான் சொல்லமாட்டன் ரீச்சர். நீங்கள் விட்டால் வேற ஆள் வாங்குவான். உங்கட பங்கு தப்பும். அவ்வளவுதான்."

கரண்டியைச் சாக்கில் சுற்றினார். பிறகு பழைய வீட்டுப் பக்கம் தலையை ஆட்டினார். "அங்க நிக்கிற சுவர் முழுக்கச் சூளைக் கல்லு. இப்ப அப்பிடிக் கல்லு இல்லை. உடைச்சு அத்திவாரத்துக்குள்ள போடச் சொல்லி உங்கட கொந்தராத்துக்காரர் சொன்னவர். எனக்கு மனசு வரேல்லை. ஓடும் பற்றைக்குள்ள புதைஞ்சு கிடக்கு, முக்கால்வாசி நல்ல ஓடு."

"எடுத்துப் பாவிக்க ஏலுமோ?"

"ஏலும். மினக்கேடு. ஒவ்வொரு கல்லாச் சுரண்ட வேணும். புதுசு எண்டால் கூப்பிட்டவுடன வந்து கொட்டுவாங்கள். அதாலதான் ஒருத்தரும் பழசைத் தொடுறேல்லை." சிரித்தார். "நாங்கள் புத்தளத்தில எட்டுப் பேர் ஒரு கொட்டில்ல இருந்தனாங்கள். அது நல்ல சீவியம் எண்டு நான் சொல்லேல்லை, ஆருக்கும் அப்பிடி வரக்கூடாது. ஆனால் ரீச்சர், ஒருத்தருக்கு ஐஞ்சு கக்கூஸ் எண்டதும் சீவியம் இல்லை."

மறுநாள் கந்தோருக்குப் போய், பெர்மிட் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அதிகாரி அதை வாங்கி முத்திரை குத்தினார். திகதி போட்டு ஒரு பிரதி தந்தார்.

அண்ணாவிடம் சொன்னது சனிக்கிழமை. அவர் முதலில் விளங்காமல் இருந்தார். பிறகு முகம் மாறியது.

"நீ ஆர் முடிவெடுக்க? நான் அனுப்பி நான் கட்டிற வீடு."

"காணி ரெண்டு பேருக்கும் பொது அண்ணா. கையெழுத்தும் என்ர."

"நான் பனிக்குள்ள ரெண்டு வேலை செய்து, நிலக்கீழ் அறையில பத்து வருசம் கிடந்தனான். ஒரு நல்ல வீடு கட்டி ஊர்ச் சனம் பாக்க வேணும் எண்டு ஆசைப்பட்டது பிழையோ?"

பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நிலக்கீழ் அறையிலிருந்து அவர் அனுப்பியதில்தான் நான் படித்தேன். "சனம் பாக்குது அண்ணா" என்றேன். "சனம் வாளியோட வந்து நிண்டு பாக்குது. எனக்கு அருவருப்பா இருக்கு."

"என்னிலையோ?"

"என்னில."

தொடர்பு துண்டிக்கப்பட்டது. துண்டித்தது அவர்தான். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சனிக்கிழமைகளில் போன் அடிக்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு தடவை எடுத்து, குளியலறைக்குத் தெரிவு செய்த மாபிளின் படங்களை அனுப்பி, "இதுகளை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

நானாவும் இரண்டு பேரும் பழைய வீட்டைக் கல் கல்லாகக் கழற்றினார்கள். நான் பாடசாலை விட்டு வந்ததும் இரும்புத் தூரிகையோடு உட்கார்ந்து பழைய சாந்தைச் சுரண்டுவேன். தூசி மூக்குக்குள் போய்த் தும்மிக்கொண்டே இருந்தேன். ஒரு நாளில் நான் துப்பரவாக்கிய கல் ஒரு மணித்தியாலத்தில் சுவருக்குள் போய்விடும். கீழே எழுந்திருந்த அறைகளில் இரண்டின் சுவரை இறக்கி, அந்தக் கல்லை வேறு இடத்துக்கு மாற்றினோம். தளம் போடாமல் பழைய ஓட்டைப் போட்டோம். நாற்புறமும் அகன்ற தாழ்வாரம் விட்டதால் உள்ளே பூச்சுத் தேவைப்படவில்லை, வெயிலும் ஏறவில்லை. ஒரு குளியலறை. அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. கூரைத் தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போகிறது. மண் வேண்டித்தான் இருந்தது, முழுவதும் இல்லாமல் முடியாது. மிச்சம் கிடந்த குவியலுக்குள்ளேயே முடித்தோம்.

இதை ஏதோ சாதனை மாதிரி நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் தின்றுவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

டிப்பர்கள் இரண்டு கிழமைதான் ஓடாமல் நின்றன. பிறகு வேறு ஒருவருடைய பெர்மிட்டில் திரும்பவும் ஓடின. அது என்னோடு படிப்பிக்கிற ஓர் ஆசிரியையின் பெயர். லண்டனிலுள்ள மகனுக்காக அவர் கட்டுகிற மாடி. ஓய்வு அறையில் வைத்து நான் என் கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நீங்கள் எல்லாம் எடுத்து முடிச்சாப் பிறகு எங்களுக்குச் சொல்லுறீங்கள்" என்றார். அதில் பிழை காண முடியவில்லை. எனக்குப் பின்னால் சிலர் சிரித்ததும் கேட்டது. ஆனால் அதே அறையில் இருந்த இன்னொரு இளம் ஆசிரியர், தானும் மனைவியும் கீறி வைத்திருந்த வரைபடத்தைப் பிறகு ஒரு நாள் கொண்டுவந்து, எந்த அறையை விடலாம் என்று கேட்டார். இரண்டை விட்டோம். ஒன்றை அவர் மனைவி திரும்பச் சேர்த்துவிட்டார்.

மார்கழியில் ஆறு பெருகியது. மணல் இல்லாத ஆற்றில் தண்ணீர் நின்று போகவில்லை, விழுந்தடித்துப் போனது. ஒரே நாளில் அக்கரை சரிந்தது. அக்காவின் கச்சான் காணியில் பாதி, காய்ப் பருவத்தில், வேரோடு குழிக்குள் போய்விட்டது. நான் போனபோது அக்கா கரையில் நின்று, தொங்கிக்கொண்டிருந்த கொடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அரைவாசி பிஞ்சு. நானும் இறங்கிப் பிடுங்கினேன்.

அடுத்த ஆடிக்கு அண்ணா ஆக்கள் வந்தார்கள். அண்ணி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓடுகளை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் ஒரு குளியலறை வாசலில் வரிசையில் நிற்பதைப் பற்றி ஆங்கிலத்தில் முறைப்பட்டார்கள். நாலாம் நாள் கிளிநொச்சியில் ஒரு ஹோட்டலுக்கு மாறிப் போனார்கள். போகும் முன் அண்ணா என்னோடு ஆற்றுக்கு வந்தார். குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்றத்துக்கு கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

"இதெல்லாம் எங்கட வீட்டுக்கோ?"

"எல்லாம் இல்லை. இதில ஒரு மூலை."

"எந்த மூலை?"

"தெரியாது அண்ணா. அடையாளம் போட்டு அள்ளுறேல்லை."

திரும்பும்போது முள்ளுக் கீறி அவர் கையில் இரத்தம் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, மாபிளைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார் என்று சொன்னார். சனிக்கிழமைக் கதை அதற்குப் பிறகு திரும்பத் தொடங்கியது. வீட்டைப் பற்றி மட்டும் நாங்கள் கதைப்பதில்லை.

அக்கா புரட்டாதியில் போய்விட்டார். வவுனியாவில் மகள் வீட்டுக்கு. கிணற்றை இன்னும் ஆழமாக்க ஆட்களைக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தண்ணி வரும் ரீச்சர், ஆனால் நிலம் வராது. இந்த மாரியோட மிச்சமும் போயிடும்" என்றார். பஸ்ஸுக்கு ஏற்றிவிட நான்தான் போனேன். இரண்டு பை, ஒரு கூடையில் நாலு கோழி. கோழியை ஏற்ற முடியாது என்று கொண்டக்டர் சண்டை பிடித்தார். கோழியை ஏற்றாவிட்டால் தானும் ஏறமாட்டேன் என்று அக்கா படியில் நின்றுகொண்டார். கடைசியில் ஏற்றினார்கள். இருக்கையில் இருந்ததும் யன்னலால் ஒரு பொட்டலத்தை நீட்டினார். விதைக் கச்சான்.

"நான் இனி எங்க போடுறது? நீங்கள் போடுங்கோ" என்றார்.

ஐப்பசி மழைக்கு முன் முற்றத்தைக் கொத்தி ஊன்றினேன். மயில்கள் பாதியைக் கிளறித் தின்றன. மிச்சம் முளைத்துப் படர்ந்தது. தை முடியப் பிடுங்கிக் கழுவி, உப்புப் போட்டு ஒரு சட்டி அவித்தேன். நல்ல கச்சான். பத்துப் பன்னிரண்டு உடைத்துச் சாப்பிட்டிருப்பேன். அதற்கு மேல் இறங்கவில்லை. சட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து விறாந்தையில் இருந்தேன்.